தஞ்சோங் டாவாய்க்குக் கொடுத்த மத்தியானம்

மெர்போக் ஆறு கடலோடு சேருகிற தஞ்சோங் டாவாயில், மீன் காயப்போட்ட மூங்கில் தட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மாரியாயி என்னிடம் அதைக் கேட்டாள். உச்சி வெயில். நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது. நெத்திலி வாடை தூக்கலாக அடித்தது. நான் சுமந்துபோன மரவள்ளி வத்தலைத் தன் கூடையில் கொட்டிக்கொண்டு, பதிலுக்கு உப்பை என் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கல்லாம் வைக்கிறீங்களே அந்தப் பொழுது, எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் வத்தல் கேட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருப்பேன். அவள் கேட்டது அதை அல்ல.

"பொழுது ஒண்ணும் காலியா இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"இல்லைன்னா இல்லலா. விடேன்."

சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கூட வந்த பெண்களுக்கும் காத்திராமல் விறுவிறுவென்று நடந்தேன். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவம், அவள் என்ன செய்தாள்? சங்கிலியில் அன்று அவளுக்குத் தோதாக இருந்தது ஒரே ஒரு பொழுதுதான். அது என் வீட்டுக்காரருடைய பொழுது. அதைக் கொடுப்பதென்றால் அவர் செத்துவிட்டார் என்று நானே என் வாயால் சொல்வதாக ஆகும்.

அது எப்படி என்று விளக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தொடரில் நான் நேராக எதையும் சொன்னதில்லை என்பது உங்களுக்குப் பழகியிருக்கும்.

தங்கம் இல்லாத சங்கிலி

எங்கள் எஸ்டேட் கெடா மாநிலத்தில், கோலா கெத்தில் பக்கம். ரப்பர்ப் பால்மரம், வரிசை வரிசையாக லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கள்ளுக்கடை. அதற்குள் எங்களைப் போல வேதக்காரக் குடும்பங்கள் ஒரு கைப்பிடி.

எங்களுக்குப் போதகர் கிடையாது. ஆலயம் கிடையாது. ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவதிலிருந்து விளக்கு வைக்கிறவரை பகலைப் பங்கு போட்டு, வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பொழுது வைத்துக்கொள்வோம். அந்தப் பொழுதில் அந்த வீட்டில் ஒருவர் தனியாகப் பாயில் உட்கார்ந்து மற்ற எல்லாருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். முடித்ததும் எழுந்து போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பொழுது" என்று சொல்ல வேண்டும். அவர் உட்காருவார். இப்படியே பகல் முழுக்க ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர். இதற்கு ஜெபச் சங்கிலி என்று பெயர்.

லயத்து ஜனங்கள் எங்களைச் சங்கிலிக்காரர்கள் என்று கேலி செய்வார்கள். "கழுத்துல ஒரு குண்டுமணி தங்கத்துக்கு வழியில்ல, பேரு மட்டும் சங்கிலிக்காரங்க!" கோலா கெத்தில் கத்தோலிக்கர்களும் சிரிப்பார்கள். அதிகம் சிரித்தது சுங்கைப்பட்டாணியில் இருந்த மிஷன்காரர்கள்தான். அவர்களுக்கு ஆலயம், ஆர்மோனியம், வெள்ளைக்காரப் பாதிரியார் எல்லாம் இருந்தது. எப்போதாவது அவர்களுடைய தமிழ்ப் போதகர் சைக்கிளில் வந்து எங்களுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். எங்களைத் தங்கள் சபை என்று அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை.

இந்தப் பழக்கம் எங்கள் பெரியவர்கள் கப்பலேறும்போது ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதற்கும் முன்னே எங்கோ ஒரு குளிர்தேசத்தில், வீடுவாசலை விட்டு ஓடிவந்த ஒரு சின்னக் கூட்டம் தொடங்கியதாம். படித்த ஐயா ஒருவர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஓடிவந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும்.

ஆளுக்கு ஓர் ஊர்

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு பொழுதுக்கும் ஓர் ஊர் சேர்த்தி. நம்முடைய ஆள் ஒருவரும் இல்லாத ஊராக இருக்க வேண்டும். அந்த ஊரின் பெயரைத் தினமும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுத் தங்கம்மாக்காவின் ஊர் குருண். வடக்கே போகிற ரோட்டில் இருக்கும் அந்த ஊரை அக்கா கண்ணால் கண்டதில்லை. கண்டவர்களைவிட அதிகம் அதைப் பற்றிப் பேசுவாள்.

என் வீட்டுக்காரர் தஞ்சோங் டாவாயை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "கடல் இருக்குல்ல" என்றார். அவ்வளவுதான் காரணம். அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுக்குத் தீ போடுகிறவர். நாளெல்லாம் புகைக்குள் நிற்கிற மனிதருக்குக் கடல் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அவருடையது உச்சிப் பொழுது. தங்கம்மாக்கா தன் பொழுதை முடித்துவிட்டு எங்கள் கதவைத் தட்டி, "ஞானமுத்து, உன் பொழுதுப்பா" என்பாள். அவர் முகம் கழுவிக்கொண்டு பாயில் உட்காருவார். நான் சத்தம் போடாமல் பின்பக்கம் போய்விடுவேன்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லாத காலம் அது. "இவங்க", "அவங்க" என்றே காலம் தள்ளிவிடுவோம். ஆனால் ஜெபத்தில் சொல்லலாம். ஆண்டவரிடம் "இவங்க" என்றால் எவங்க என்று கேட்பார் என்று தங்கம்மாக்கா சொல்வாள். அதனால் என் வீட்டுக்காரர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதெல்லாம் பாயில் உட்கார்ந்து சொன்னதுதான்.

சயாமுக்குப் போனவர்

ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறித் தெற்கே ஓடினார். பால் வாங்க ஆளில்லை, புகைக்கூடத்தில் தீ இல்லை. மரத்தை வெட்டிய இடத்தில் மரவள்ளி நட்டோம். அரிசி என்ற சொல்லையே மறந்துகொண்டிருந்தோம்.

பிறகு சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள் என்று ஆள் பிடிக்க வந்தார்கள். சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். பெரட்டுக் களத்தில் நின்ற ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். சட்டையைப் போட்டுக்கொள்ள மட்டும் இவரை வீட்டுக்கு விட்டார்கள். பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. தைத்துத் தருகிறேன் என்றேன். "வந்து தைச்சுக்கலாம்" என்று போனார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆக அவரும் சயாமில், நானும் சயாமில். ஒரே தேசத்தில் இருந்துகொண்டு அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

சங்கிலியில் ஆண்கள் அநேகமாக இல்லை. வழக்கத்தின்படி ஆள் ஊரில் இல்லாவிட்டால் அவர் வீட்டார் அந்தப் பொழுதை வைக்கலாம். காலையில் என் பொழுதையும் வைத்தேன், உச்சியில் இவருடையதையும் வைத்தேன். தங்கம்மாக்கா வந்து தட்டுவாள். "எஸ்தரு, உன் வீட்டுக்காரர் பொழுது." பொழுது சொல்வதற்குத் தவிர அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. பேச ஆள் இல்லாமல் என் குரலே எனக்கு மறந்துவிடும்போல இருந்தது. உச்சிப் பொழுதுக்காகவே காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. பாயில் உட்கார்ந்து முதலில் அவர் பெயரைச் சொல்வேன். பிறகு தஞ்சோங் டாவாய். சொல்லி முடித்தால் மறுநாள்வரை அந்தப் பெயரைச் சொல்ல வழியில்லை.

கடிகாரமும் வெயிலும்

ஜப்பான்காரன் கடிகாரத்தையும் பிடித்துவைத்திருந்தான். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும். ஆபீஸில் விடிந்துவிட்டதாக மணி அடிக்கும்போது வெளியே கோழிகூட எழுந்திருக்காது.

சங்கிலிக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் பொழுதுகள் ஆள் வந்து தட்டினால்தான் தொடங்கும். உச்சிப் பொழுது மட்டும் விலக்கு. நிழல் காலடிக்கு வந்துவிட்டால், தட்ட ஆளில்லாத இடத்திலும் உச்சி உச்சிதான். வழியில் இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து வைத்துவிடலாம். இதை நினைவில் வையுங்கள். என் கஷ்டமே இதிலிருந்துதான் வந்தது.

உப்பு தேடிப் போன வழி

எஸ்டேட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு. அதனால் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து மரவள்ளி வத்தலைச் சுமந்துகொண்டு சுங்கைப்பட்டாணி, பீடோங், மெர்போக் என்று நடந்து தஞ்சோங் டாவாய்வரை போவோம். காவலுக்கு நிற்கிற சிப்பாய்க்கு முதுகை வளைத்துக் கும்பிட வேண்டும். வளைவு போதவில்லை என்றால் அறை விழும்.

வழியில் சுங்கைப்பட்டாணியில் மிஷன் ஜனங்கள் வீட்டில் தங்குவோம். அவர்கள் நிலைமை எங்களைவிட மோசம். பாதிரியாரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தமிழ்ப் போதகர் காய்ச்சலில் போய்விட்டார். ஆலயத்தில் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஆர்மோனியம் என்ன ஆயிற்றோ. போதகர் இல்லாமல் ஆராதனை எப்படி நடத்துவது என்று தெரியாமல் அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். நான் மத்தியானம் மூலையில் உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு, "போதகர் இல்லாம நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எங்களுக்கு எப்பவும் இல்லையே டீச்சர்" என்றேன். குத்திக்காட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். கொஞ்சம் குத்தலும் இருந்தது.

அடுத்த தடவை போகும்போது சுங்கைப்பட்டாணியில் வீட்டுக்கு வீடு கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா குருணில் இருந்த தம் தங்கைக்குச் சொல்லியனுப்பினார். அங்கேயும் தொடங்கியது. தங்கம்மாக்காவுக்கு இதைச் சொன்னபோது, "குருணா? என் குருணா?" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பீடோங் எஸ்டேட்டுகளில் இந்து வீட்டுப் பெண்கள் சிலரும் கேட்டு வந்தார்கள். புருஷன் சயாமில் இருக்கிற வீடுகள். அவர்களுக்கு வேதம் தெரியாது. தங்களுக்காக யாரோ எங்கோ உட்கார்ந்து பெயர் சொல்கிறார்கள் என்பது தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

மாரியாயியும் அப்படித்தான். ரோட்டு வேலைக்காரரின் பெண்சாதி. புருஷனைச் சயாமுக்குப் பிடித்துப் போனதும் அந்த மீன்பிடிக் கம்போங் கிராமத்தில் தமிழ் பேச ஆளில்லை. மலாய்க்காரப் பெண்களோடு நெத்திலி காயப்போட்டுப் பிழைத்தாள். நான் தென்னை மரத்தடியில் உச்சிப் பொழுது வைப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். பிறகு கேட்டாள்.

நான்தான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேனே.

தங்கம்மாக்காவின் நியாயம்

ஒற்றை ஆளால் தனியாகச் சங்கிலி கோக்க முடியாது. எங்கள் சங்கிலியில்தான் மாரியாயி சேர வேண்டும். அத்தனை தூரத்தில் போய் யாரும் கதவு தட்ட முடியாது. ஆகவே தட்டாமல் வைக்கக்கூடிய உச்சிப் பொழுதைத்தான் கொடுக்க முடியும். நான் சொல்லாமலே தங்கம்மாக்காவுக்கு இது புரிந்தது.

"ரெண்டு பேரா வைக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒரு பொழுது, ஒரு வீடு. மாத்த நீ யாரு, நான் யாரு?"

ஆள் உயிரோடு இருக்கும்வரை அவர் பொழுது அவர் வீட்டுக்குத்தான். வேறு வீட்டுக்குப் போவது சாவுக்குப் பிறகு. போன பொழுது திரும்பாது. போனவருடைய பெயரையும் அதோடு சங்கிலியிலிருந்து எடுத்துவிடுவோம். செத்தவர்களுக்காக ஜெபிப்பது கத்தோலிக்கர் வழக்கம், நம்முடையது இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஒருவர் சயாமிலிருந்து தப்பி வந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். போய்க் கேட்டேன். என் வீட்டுக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்த கேம்பின் பெயரைச் சொன்னதும் அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அங்க வாந்திபேதி வந்துச்சுக்கா. அந்தக் கேம்புல மிச்சம் யாரும் இல்ல."

நான் அழவில்லை. நம்பவும் இல்லை. தங்கம்மாக்காதான் அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்.

"எஸ்தரு, உன் புருஷன் அந்த ஊருக்காக எத்தனை வருஷமா உட்கார்ந்தான்? இப்ப அந்த ஊர்லேருந்து ஒருத்தி வந்து கேக்குறா. இல்லைன்னு அனுப்பிட்டா அவன் உட்கார்ந்ததெல்லாம் எதுக்கு?"

அவள்மேல் எரிச்சலாக வந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல் அப்படித்தான் வரும்.

அடுத்த உப்பு நடைக்குப் போனபோது மாரியாயியைத் தென்னை மரத்தடிக்குக் கூப்பிட்டேன். "இது ஞானமுத்துங்கிறவர் பொழுது. இனிமே உன்னுது. நிழல் காலடிக்கு வந்ததும் உட்காரு" என்றேன். அவர் பெயரை ஜெபத்துக்கு வெளியே நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் கால் பக்கம் குனிந்தாள். வேண்டாம் என்று பிடித்து நிறுத்தினேன்.

மறுநாளிலிருந்து உச்சியில் எனக்கு வேலை இல்லை. தங்கம்மாக்கா தட்டுவதும் நின்றது. என் சொந்தப் பொழுதில் உட்காரும்போது அவர் பெயர் வாய்வரை வரும். வழக்கம் தெரிந்தவள், அடக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் அதைவிடத் தனியாக நான் இருந்ததில்லை. இவரைக் கூட்டிப் போனபோதுகூட அப்படி இல்லை. அப்போது ஒரு பெயராவது இருந்தது.

பாயில் உட்கார்ந்திருந்தவர்

ஜப்பான்காரன் போனான். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சுங்கைப்பட்டாணி ரோட்டிலிருந்து ஒருவர் கம்பு ஊன்றிக்கொண்டு லயத்துக்குள் வந்தார். காலில் ஆறாத புண். நாய்கள் குரைத்தன. அதே சட்டை. பொத்தான் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி குத்தியிருந்தது.

வாந்திபேதி வருவதற்கு முன்னாலேயே அவரை வேறு கேம்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முயன்று அடித்துவிட்டேன். அது எழுத்தில் வரவில்லை.

மறுநாள் மத்தியானம். அவர் முகம் கழுவினார். பாயை விரித்து வாசலைப் பார்க்க உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் தங்கம்மாக்கா தன் பொழுதை முடித்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் வீட்டைப் பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்புறம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அக்கா தட்டலையே?" என்றார்.

"தட்ட மாட்டாங்க."

அவருக்கும் வழக்கம் தெரியும்.

"செத்துட்டேன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நீயும் நம்பிட்டே."

"நம்பல. ஆனா குடுத்துட்டேன்."

மாரியாயியைப் பற்றிச் சொன்னேன். தஞ்சோங் டாவாய் என்றதும் நிமிர்ந்தார். மறுபடி குனிந்துகொண்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தண்டவாளம் போடுற இடத்துல, நிழல் காலடிக்கு வரும்போது, சரி, இப்ப எஸ்தரு நம்ம பேரைச் சொல்லிக்கிட்டிருக்கும்னு நெனைப்பேன். உச்சிவரைக்கும் நின்னுடலாம்னு நிப்பேன். அப்புறம் அடுத்த உச்சிவரைக்கும்." பாயைச் சுருட்டினார். "கடைசியில யாரும் சொல்லல போல."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தங்கள் பொழுதைக் கொடுக்க வந்தார்கள். "எனக்கு வேணாம்லா" என்று சொல்லிவிடுவார். உச்சி வேளையில் வீட்டில் இருக்க மாட்டார். புண்காலோடு எங்கோ போய் விறகு வெட்டுவார். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். நான் தனியாகத்தான் இருந்தேன்.

மிஷன்காரர்கள் வந்தார்கள்

சண்டை முடிந்ததும் மிஷன் திரும்பி வந்தது. புதிதாக ஒரு தமிழ்ப் போதகர். கெடாவில் சபை அழிந்திருக்கும், ஒன்று இரண்டு பேரையாவது தேடிப் பிடிப்போம் என்று வந்தவர், ஊர் ஊராகப் பெண்கள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார். மிஷன் ஒருநாளும் கால் வைக்காத எஸ்டேட்டுகளிலெல்லாம் ஜனங்கள் இருந்தார்கள். ஊழியக்காரர்களை எங்கெங்கே அனுப்பலாம் என்று அவர் கேட்டுக்கேட்டு முடிவு செய்த ஊர்களெல்லாம் நாங்கள் உப்புக்காக நடந்த வழியில் இருந்தவைதான். சங்கிலியைத் தங்கள் சபைகள் எல்லாவற்றிலும் வைத்தார்கள். அழகாக ஒரு பெயரும் சூட்டினார்கள். இன்று மிஷன் வளர்ந்த கதையைப் பேசுகிறவர்கள் பாதிரியார்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும். தங்கம்மாக்காவைப் பற்றி நான் எழுதிவிட்டேன்.

அந்தப் போதகருக்குத் தஞ்சோங் டாவாயில் தனியாகப் பொழுது வைத்த பெண்ணைப் பார்க்க ஆசை. வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார். நானும் வருகிறேன் என்று இவர் சொன்னது எனக்கே ஆச்சரியம். "அந்தக் கடலைப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

மாரியாயி தட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள்.

"அக்கா! கூட வந்திருக்கிறது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஞானமுத்து அண்ணனா? வந்துட்டீங்களாண்ணே! அதானே. தினம் கேட்டேனே, வராம எங்க போவீங்க?"

அவர் அசையாமல் நின்றார். "என்ன கேட்டே?"

"உங்களைத்தான். நிழல் காலடிக்கு வந்ததும் முதல்ல உங்க பேரு. உங்க பொழுதுன்னு அக்கா சொன்னாங்க. உங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி உட்காருறது?"

போதகர் மெதுவாகக் குறுக்கிட்டார். "இறந்துட்டாங்கன்னு முடிவு பண்ணினவங்களுக்காக நாம ஜெபிக்கிறது இல்லம்மா."

"எனக்கு அதை யாரும் சொல்லலையே ஐயா" என்றாள் மாரியாயி. "அவரும்தான் சாகலையே."

என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்துவிட்டார். சயாமிலிருந்து வந்து அன்றுவரை அவர் அழுது நான் பார்க்கவில்லை. மீன் காயவைக்கும் மலாய்க்காரப் பெண்கள் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு உரிமை இல்லாததுபோல இருந்தது. பெண்சாதி நிறுத்திவிட்ட பெயரை யாரோ ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வழக்கத்தின்படி செய்தேன். அதை இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்த மணலில் அது எனக்கு ஓர் ஆறுதலையும் தரவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவர், "உன் வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

மாரியாயி தயங்கினாள். புருஷன் பெயரைச் சும்மா சொல்லிவிட முடியுமா? அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள். "பொழுதாச்சுண்ணே. உட்காருங்க. ஜெபத்துல சொல்றேன்" என்றாள்.

எல்லாரும் உட்கார்ந்தோம். அவள் முதலில் வழக்கம்போல என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள். பிறகு, "சின்னசாமி" என்றாள்.

ஒரு பெயர்

சின்னசாமியை இவர் சயாமில் எங்கும் பார்க்கவில்லை. "ரயில் லைன் நீளம்மா. பார்த்திருக்க முடியாது" என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் தங்கம்மாக்காவிடம் போய், "எனக்கு ஒரு பொழுது குடுக்கா. எதுன்னாலும் சரி" என்றார். விளக்கு வைக்கிற பொழுது கிடைத்தது. அதை வைத்த காலமெல்லாம் முதலில் சின்னசாமி பெயரைத்தான் சொன்னார். தஞ்சோங் டாவாயில் பலகைச் சுவரோடு ஒரு சின்ன ஆலயம் எழுந்தது. மாரியாயி அங்கே பெரிய மனுஷியானாள். சின்னசாமி திரும்பவில்லை.

பல வருடம் கழித்துப் போதகர் இவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "இனி வர மாட்டார்னு தெரியுமே. இன்னுமா?"

"என்னையும் இப்படித்தான் எடுத்தாங்க ஐயா" என்றார் இவர்.

இவர் போய்ச் சேர்ந்தும் இப்போது எத்தனையோ வருடமாகிவிட்டது. அடக்கம் முடிந்த வாரத்தில் சபையார் வந்து, விளக்குப் பொழுதைப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுங்கள் என்றேன். சங்கிலியிலிருந்து இவர் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எடுங்கள் என்றேன். சபைக்கு வழக்கம் வேண்டும்.

என் பொழுது என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் முட்டி மடங்காததால் நாற்காலியில்தான் உட்காருகிறேன். போன மாதம் எங்கள் இளம் போதகர் பார்க்க வந்தவர், நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றிருக்கிறார். நான் முதலில் சொன்ன பெயர் அவர் காதில் விழுந்திருக்கும். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

"அது யார் பேரு பாட்டி?" என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"ஞானமுத்து. என் வீட்டுக்காரர்" என்றேன்.